நத்தாருக்குப் புதுச்சட்டி

"மச்சம் இல்லாத நத்தாரோ? நீர் என்ன கதை கதைக்கிறீர்..."

"கத்தாதேங்கோ, பிள்ளை உள்ளுக்க இருக்கிறாள்..."

"ஆடு வேண்டாம், சரி. கோழி? ஒரு சின்னக் கோழி..."

"வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுறன், திருவெம்பாவை எண்டு சொல்லுறன், நீங்கள் கோழியிலயே நில்லுங்கோ..."

"பாலன் பிறந்ததை வெள்ளிக்கிழமையில வைச்சது ஆர்? நானே?"

பள்ளிக்கூட டீச்சர் நேசமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவாள் என்பதால் போஞ்சிக்காயை இன்னும் வேகமாக நறுக்கினாள். தபாலதிபராயிருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் வரதராசாவோ கதிரையை இழுத்துப்போட்டு, இந்த வழக்கு முடியாமல் எழும்புவதில்லை என்ற மாதிரி உட்கார்ந்தார். கத்தோலிக்கக் குடும்பம். கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் மத்தியானம் ஆட்டிறைச்சி, கோழி, பன்றி மூன்றும் மேசையில் இருக்கவேண்டும் அவருக்கு. கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தபோதுகூட, மார்கழி பிறந்தால் அவர் மனம் இறைச்சிக்கடைப் பக்கம்தான் நிற்கும்.

"சத்தியபாமா வாறா. எத்தினைதரம் சொல்லுறது? அவ இந்த வீட்டு வாசலில கால் வைக்கிறது இதுதான் முதல்தரம்."

"வரட்டும். அவவுக்கு மரக்கறி வையும். எனக்கு இறைச்சி வையும். மேசை பெரிசுதானே."

"சம்பந்தி விரதத்தோட இருக்க, முன்னால இருந்து எலும்பு உறிஞ்சப்போறியளோ?"

எலும்பு உறிஞ்சுவதில் அவர் எழுப்பும் சத்தம் குண்டசாலையில் அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்ததுதான்.

விசயம் இதுதான். இவர்களுடைய மகன் ஜெயசீலனும் சத்தியபாமாவின் மகள் சிவமணியும் விரும்பிக் கல்யாணம் செய்தார்கள். கோயிலிலும் இல்லை, மாதா கோயிலிலும் இல்லை, வெறும் பதிவு எழுத்து மட்டும். கண்டியில் கட்டுக்கலைப் பக்கம் தனியாக இருந்த சத்தியபாமா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காயிருந்து ஓய்வு பெற்றவள், அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள்: "அந்த வீட்டில நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்." சொன்னது போலவே இருந்தாள். மகளைப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பார்ப்பாள், கதைப்பாள், தலை தடவுவாள். குண்டசாலை பஸ் ஏறமாட்டாள். இப்போது சிவமணி பிள்ளைத்தாய்ச்சி. போன கிழமை கோயில் வீதியில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, தாய் சொல்லியிருக்கிறாள்: "நத்தாருக்கு மத்தியானம் வாறன் எண்டு சொல்லு."

வாறன் என்றுதான் சொன்னாள். சாப்பிடுவன் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சிவமணிக்கு நித்திரை இல்லை. தாய் இந்த வீட்டுச் சோற்றில் ஒருமுறை கை வைத்துவிட்டால் போதும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நேசமலருக்கு அது விளங்கியது.

"அப்ப என்ன சாப்பாடு? அதையெண்டாலும் சொல்லும்," என்றார் வரதராசா, தோற்றவரின் குரலில்.

"பூசணிக்காய்ப் பால்கறி. கத்தரிக்காய்க் குழம்பு. போஞ்சி வதக்கல். பருப்பு. வாழைக்காய்ப் பொரியல். மாங்காய்ச் சம்பல். பாயாசம்."

"ஐயரையும் கூப்பிடுவமே?"

"கேக் துண்டும் உங்களுக்குத்தான். அதில முட்டை கிடக்கு, அவ தொடமாட்டா."

"முழுக் கேக்கும் எனக்கோ?" வரதராசா கொஞ்சம் நிமிர்ந்தார்.

அப்போதுதான் சிவமணி அறைக்குள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, ஒரு விசயம். அம்மா மச்சச் சட்டியில சமைச்ச மரக்கறியும் சாப்பிடமாட்டா."

நேசமலரின் கத்தி நின்றது. அவள் வீட்டில் இருந்தது எல்லாமே மச்சச் சட்டிதான். சிவமணியின் தாய்வீட்டில் மச்சத்துக்கு ஒரு அடுக்கு, மரக்கறிக்கு ஒரு அடுக்கு, ஒன்று மற்றதோடு முட்டாது. இந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்ததில்லை. காலையில் மீன் கொதித்த சட்டியில் பின்னேரம் பாயாசம் கொதிக்கும்.

"அதுக்கென்ன, புதுச்சட்டி வாங்குவம்," என்றாள் நேசமலர்.

அடுத்த நாளே கண்டிச் சந்தைக்குப் போய் மூன்று மண்சட்டி வாங்கி வந்தாள். தை மாதம் தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம் அது. வழிவழியே சோதனைக்குப் பையைத் திறந்து காட்டிக் காட்டி அவளுடைய கைப்பையின் சிப் எப்போதோ பழுதாகிவிட்டது. சட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துப் பார்த்த ஆமிக்காரப் பெடியன் கடைசியில் தானே அதைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துப் பிள்ளை போலக் கொண்டு வந்தாள்.

நத்தாருக்கு முதல் நாள் மாதா கோயிலில் பாலன் குடில் கட்டுகிற வேலை. சிவமணியும் கூட வந்தாள், வைக்கோல் பரப்பித் தர. புறப்படும்போது நேசமலர் வாசலில் நின்று சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் வாறதுக்கிடையில அந்த மூண்டு சட்டியையும் பழக்கி வையுங்கோ. பழக்காமல் அடுப்பில வைச்சா நாளைக்கு வெடிச்சுப் போகும்."

"எனக்குச் சட்டி பழக்கத் தெரியாதே? எங்கட அம்மாவின்ர கையைப் பார்த்து வளந்தவன் நான்."

அந்த ஒரு வசனத்தை நேசமலர் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். குடிலுக்கு நேரமாகிவிட்டது.

திரும்பி வரும்போது வாசல் படலையில் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருந்தன. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு றம்லத்தின் முக்காடு போட்ட தலை தெரிந்தது.

"டீச்சர், என்ன இது, ஒங்கட ஊட்டுல இப்பிடி மீன் மணக்குது? நோம்போட ஈக்கிற மனுசர எண்ணிப் பாக்க வாணாமா? நான் வாயூறி நிக்கிறேன்."

"மீனோ? எங்கட வீட்டிலயோ?"

"ஒங்கட குசினியிலதான். போஸ்ட்மாஸ்டர் பாட்டும் படிக்கிறார்."

நேசமலர் செருப்போடு குசினிக்குள் ஓடினாள். மூன்று அடுப்பிலும் மூன்று புதுச்சட்டி. மூன்றிலும் தளதளவென்று மீன்தலை. வரதராசா பெனியனோடு நின்று அகப்பையால் ஒவ்வொன்றாய்க் கிண்டிக்கொண்டிருந்தார்.

"வந்திட்டீரோ? பாரும். மூண்டும் பழகிப்போச்சு. இனி நிலத்தில போட்டாலும் உடையாது."

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்!"

"மீன்தலை. எங்கட பாசையூரில புதுச்சட்டி வந்தா முதல் மீன்தலைதான். மீன் நெய் ஊறினாத்தான் சட்டிக்குப் பலம் எண்டு அம்மா..."

"உங்கட அம்மா கடற்கரையில இருந்தவ! கஞ்சித்தண்ணி விட்டுக் கொதிக்க வைக்கிறதுதானே எல்லாரும்! இது மரக்கறிக்கெண்டு வாங்கின சட்டி!"

வரதராசாவின் அகப்பை நடுவில் நின்றது. சட்டியைப் பார்த்தார். மீன் கண்ணும் அவரைப் பார்த்தது.

"ஐயோ," என்றார். "மறந்தெல்லே போனன்."

"சட்டி ஏன் வாங்கினது எண்டே மறந்தியளோ?"

"பழக்கச் சொன்னீர், பழக்கினன். மீன்கடையில தலை மலிவாயும் கிடந்துது..."

சிவமணி குசினி வாசலில் நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

கண்டிக்குத் திரும்பப் போய் வேறு சட்டி வாங்கலாம் என்று நேசமலர் பையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஜெயசீலன் வேலை முடிந்து வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"எங்கயம்மா போறீங்கள்? பஸ் இல்லை. தென்னெக்கும்புரவில ஆமி மறிச்சு எல்லாரையும் இறக்கிப்போட்டாங்கள். அங்கயிருந்து நடந்து வாறன். என்ன, மீனா? நாளைக்கு மச்சம் இல்லையெண்டீங்கள்?"

தகப்பன், "சாப்பிடுறதெண்டா சாப்பிடு, நிறையக் கிடக்கு," என்றார்.

சந்திக்கடையில் பிளாஸ்டிக் வாளியும் தும்புக்கட்டையும்தான் இருந்தன. றம்லத் தன் குசினி அலுமாரியைத் திறந்து வைத்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்.

"இது மாட்டெறச்சி ஆக்கிறது. இது கஞ்சிக்கி, ஆனா அதுக்குள்ளயும் எறச்சி போடுவோம். இது பெருநாளைக்கு புரியாணிக்கி. தேத்தண்ணிக் கேத்தல் ஒண்ணு ஈக்கு டீச்சர், அதுல சோறாக்க ஏலுமா?"

"கேத்தல்ல சோறோ, றம்லத்?"

"சும்மா கேட்டேன். மூக்கால வருமோ தெரியா."

சிரித்துவிட்டு, இருவரும் மதிலின் இரண்டு பக்கமும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே வந்தபோது சிவமணி சட்டிகளை வெளியே கொண்டுபோய்ச் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, மணம் போகுது. நல்லாய்த் தேய்ச்சு வெயிலில வைச்சாப் போயிடும். சொல்லாமல் விடுவம் மாமி."

"ஓம், அதுதான் நானும் சொல்லுறன்," என்று வரதராசா ஓடிவந்தார். "ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் நேசமலர்.

"மாமி, அம்மா இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாறா. சட்டி சரியில்லை எண்டா படலையால அப்பிடியே திரும்பிடுவா. உங்களுக்கு அவவைத் தெரியாது." சிவமணியின் கையிலிருந்த தும்பு நழுவியது. "ஒருக்கால் இருந்து சாப்பிட்டாப் போதும் எனக்கு."

நேசமலர் குந்தியிருந்து மருமகளின் கையிலிருந்த சட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அதுதான் ஆசை, பிள்ளை. ஆனா அவ சாப்பிட்டிட்டு, 'நல்லாயிருக்கு சம்பந்தி' எண்டு சொன்னா, நான் எந்த முகத்தோட நிண்டு கேக்கிறது? வேண்டாம். வந்த உடன சொல்லுவன். இருக்கிறதெண்டா இருக்கட்டும், போறதெண்டாத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டுகூடக் கேக்கமாட்டன்."

நத்தார் காலை பூசை முடிந்து வந்து, நேசமலர் மரக்கறியை எல்லாம் புதுக் கத்தியால் நறுக்கி வாழையிலையில் பரப்பி வைத்தாள். மஞ்சளாய்ப் பூசணி, பச்சையாய்ப் போஞ்சி, ஊதாவாய்க் கத்தரி. பார்க்கக் குடிலை விட அழகாயிருந்தது. அடுப்பு மட்டும் பத்தவில்லை. அந்த வீட்டில் நத்தார் மத்தியானம் குசினி குளிர்ந்து கிடந்தது அதுதான் முதல்தரம். வரதராசா காலையிலிருந்து கேக்கும் சாப்பிடவில்லை. கதிரையில் இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாறா," என்றார் திடீரென்று. "பெரிய பை ஒண்டோட வாறா."

ஜெயசீலன் பஸ் நிலையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். சத்தியபாமா நெற்றி நிறையத் திருநீற்றோடு, பச்சைக்கரைச் சேலையோடு முன்னால் நடந்தாள். பை அவள் கையில்தான். மருமகன் கையை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

"தாங்கோ மாமி, நான் தூக்கிறன்."

"வேண்டாம் தம்பி. கிட்டத்தானே."

"பஸ்ஸால இறங்கினதில இருந்து இதையேதான் சொல்லுறா," என்றான் ஜெயசீலன்.

வாசற்படியில் அவள் ஒரு கணம் நின்றாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காய் ஓரத்தில் வைத்துவிட்டு, சத்தியபாமா உள்ளே வந்தாள். பையை மடியோடு அணைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள்.

"வாங்கோ சம்பந்தி," என்றாள் நேசமலர். அடுத்த மூச்சிலேயே, "சமையல் இல்லை," என்றாள்.

"என்ன?"

"சமைக்கேல்லை. உங்களுக்கெண்டு புதுச்சட்டி வாங்கினனான். இவர் அதில மீன்தலை அவிச்சுப்போட்டார். மூண்டிலயும். மிச்சமெல்லாம் மச்சச் சட்டி. கழுவிப்போட்டுச் சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கு மனம் வரேல்லை. மரக்கறி எல்லாம் வெட்டிக் கிடக்கு, வந்து பாருங்கோ. ஆனா சட்டி இல்லை."

வரதராசா எழுந்து நின்றார், வகுப்பில் பிடிபட்ட பெடியன் போல.

"பிழை என்ரதான். எங்கட ஊரில அப்பிடித்தான் பழக்கிறது."

சத்தியபாமா அவரைப் பார்த்தாள். நேசமலரைப் பார்த்தாள். பிறகு தன் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். அவள் கழுத்து மெல்லச் சிவந்தது.

"சம்பந்தி, நானும் ஒண்டு சொல்லவேணும்." பைக்குள் கையை விட்டு, பழைய சேலைத் துண்டால் சுற்றியிருந்த ஒரு பானையை வெளியே எடுத்தாள். "நான் உங்களை நம்பேல்லை. உங்கட வீட்டில எப்பிடியும் மச்சச் சட்டியாய்த்தான் இருக்கும் எண்டு என்ர மரக்கறிப் பானையைக் கொண்டந்தனான். குசினியில எப்பிடி இதை எடுக்கிறது, உங்களுக்கு நோகாமல் எப்பிடிச் சொல்லுறது எண்டு வழியெல்லாம் யோசிச்சுக்கொண்டு வந்தன்." திரும்பவும் பைக்குள் கையை விட்டு, "அகப்பையும் கொண்டந்தனான்," என்றாள்.

முதலில் சிரித்தது வரதராசாதான். பிறகு ஜெயசீலன். நேசமலர் அகப்பையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தியபாமா எல்லாரும் சிரித்து முடியட்டும் என்று பார்த்திருந்து, கடைசியில் தானும் சிரித்தாள். சிவமணி தாயின் தோளில் முகத்தை வைத்தாள்.

"எழும்பு பிள்ளை, பானை உடைஞ்சிடும். பொறு, பையில இன்னொண்டும் கிடக்கு."

அது மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஓர் ஏனம். கயிற்றை அவிழ்க்க முதலே வரதராசாவின் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"ஆடு!"

"ஓம், ஆடுதான். எனக்காக நத்தாருக்கு மச்சத்தையே விடுறியளாம் எண்டு இவள் சொன்னவள். எனக்குத்தானே விரதம், உங்களுக்கில்லையே. வீட்டுக்குள்ள சமைக்கேலாது, முத்தத்தில கல்லு வைச்சு விடியச் சமைச்சனான். பிறகு முழுகினனான். திரும்பிப் போய்க் கிண்டவேண்டி வந்திட்டுது, திரும்பவும் முழுகினனான். கண்டிக் குளிர் உங்களுக்குத் தெரியுந்தானே."

"சம்பந்தி!" என்றாள் நேசமலர்.

"ஆமி பஸ்ஸை மறிச்சு, பொதியை அவிழ் எண்டிட்டாங்கள். கயிறு போட்டுக் கட்டினது அவங்களுக்குப் பிடிக்கேல்லை. 'மொனவாத அம்மே?', என்னம்மா இது எண்டு சிங்களத்தில கேட்டு, துவக்கோட தள்ளி நிக்கிறான். மூடியைத் திறந்தன். குனிஞ்சு மணந்து பாத்தான். 'நத்தலட்டத?' எண்டான். நத்தாருக்கோ எண்டு கேக்கிறான். நெத்தியில இவ்வளவு திருநீறு. நானும் 'ஒவ், நத்தலட்ட' எண்டன். 'சந்தோசமான நத்தார் அம்மா' எண்டு தமிழில சொல்லிப்போட்டு விட்டான். பஸ்ஸில ஒரு கிழவி இறங்குமட்டும் என்னைக் கிறிஸ்தவம் எண்டு நினைச்சு மாதாவைப் பற்றியே கதைச்சுக்கொண்டு வந்தா. நானும் விட்டிட்டன்."

பானை ஒன்றுதான். ஏழு வகை என்ற திட்டம் ஒரு நிமிடத்தில் காற்றில் போயிற்று. நேசமலரும் சத்தியபாமாவும் குசினிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அரிசியும் பருப்பும் ஒன்றாய் ஏறின. பிறகு பூசணி, போஞ்சி, கத்தரி, வாழைக்காய் எல்லாம் அதற்குள்ளேயே.

"பாயாசம்?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அதையும் இதுக்குள்ளயே விடட்டோ?" என்றாள் நேசமலர்.

"உப்பு நீங்கள் போடுங்கோ," என்றாள் சத்தியபாமா. "உங்கட வீட்டுக் கை."

"உங்கட பானை, நீங்கள் போடுங்கோ."

கடைசியில் சிவமணி போட்டாள். மதிலுக்கு மேலால் றம்லத், "இப்ப என்ன மணம் டீச்சர் இது? நேத்து மீன், இண்டைக்கி எறச்சியும் சாம்பாரும் ஒண்டாயா?" என்று கேட்டாள். பின்னேரம் நோன்பு திறக்க ஒரு கோப்பை அனுப்புவதாகப் பேச்சு முடிந்தது.

மேசையில் எல்லாரும் இருந்தபோது மத்தியானம் நன்றாய்ச் சரிந்துவிட்டது. வரதராசா பசியில் மிகச் சுருக்கமாய்ச் செபம் சொன்னார். அவர் ஆமென் சொல்லும்வரை சத்தியபாமா கண்ணை மூடியிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆவி பறக்கும் சோற்றுக்குள் விரல்களை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாயும்.

சிவமணி எழுந்து, "அப்பளம் பாத்திட்டு வாறன்," என்று குசினிக்குள் போனாள். அன்றைக்கு அப்பளம் பொரிக்கவே இல்லை. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

வரதராசா பொறுமை முடிந்து இறைச்சிக் கறியைத் தட்டில் அள்ளினார். பெரிய எலும்பாய்ப் பார்த்து எடுத்து, கண்ணை மூடி உறிஞ்சினார். கண் தானாகத் திறந்தது. பாசையூர்க் கடலில் முழுகி, வாய் நிறையக் கடல் தண்ணீர் குடித்து வளர்ந்த மனிசன் அவர். அவருக்கு அந்த உப்புத் தெரியும். தண்ணீர்க் கிளாசை எடுத்து முழுவதும் குடித்தார். ஜெயசீலன் மெல்லுவதை நிறுத்தி, கூரையில் எதையோ பார்த்தான். நேசமலரும் ஒரு துண்டு வாயில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"விரதத்தோட வாயில வைச்சுப் பாக்கேலாது," என்றாள் சத்தியபாமா, சோற்றைப் பிசைந்தபடி. "உப்பை முழுகமுதல் போட்டனானோ, முழுகினாப் பிறகு போட்டனானோ எண்டு எனக்கே ஐமிச்சம். என்ன, ஒருத்தரும் கதைக்கிறியளில்லை?"

"நல்ல பதம்," என்றார் வரதராசா, இரண்டாவது கிளாசை நிரப்பிக்கொண்டு.

"ஓம் மாமி, இறைச்சி நல்லா அவிஞ்சிருக்கு," என்றான் ஜெயசீலன்.

சத்தியபாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதிரையோடு நேசமலர் பக்கம் திரும்பினாள்.

"ஆம்பிளையள் எதையும் சொல்லுவினம். பொய் சொல்ல மனம் வராத ஆள் நீங்கள்தானே சம்பந்தி, நீங்கள் சொல்லுங்கோ, உப்புக் காணுமோ, இன்னும் போடவேணுமோ?"